காலேஜில் கை நனைக்கக் கூடாது

எனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி ஓர் ஏப்பமாகத்தான் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன என் அண்ணன் சாயங்காலம் திரும்பி வந்தார், செருப்பைக் கழற்றினார், நாற்காலியில் சாய்ந்தார், நெய் மணக்க ஓர் ஏப்பம் விட்டார். அடுப்படியில் இருந்த எனக்கு அது போதும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், மனசுக்குப் பிடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. அண்ணன் கை நனைத்துவிட்டு வந்தார், நான் இன்னொரு வீட்டு அடுப்படிக்குப் போனேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கூடக் கேட்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து வயிற்றில் பயம் உட்கார்ந்திருந்ததால் நான் ஒரு வாய் சோறு தின்றிருக்கவில்லை.

கணவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் அந்த ஏப்பத்தோடுதான்.

போன வருஷம் என் மகளுக்குக் காலேஜ் பார்க்கப் போனபோது, அண்ணன் அதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்.

மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். மெக்கானிக்கல் படிக்க வேண்டும் என்றாள். சின்னமனூரைத் தாண்டி மார்க்கையன்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே புத்தகம் கம்மி, வேலை அதிகம். எதையாவது சொந்தமாகச் செய்து காட்டினால்தான் பாஸ் போடுவார்கள். அந்தக் காலேஜ்தான் வேண்டுமாம். ஏனடி என்று கேட்டேன்.

"அங்கன தப்புப் பண்ணுனா திட்ட மாட்டாகளாம்மா. திரும்பப் பண்ணச் சொல்லுவாகளாம்."

இதெல்லாம் ஒரு காரணமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்தியும் விட்டேன். இவள் கணக்கில் இரண்டு மார்க் குறைந்ததற்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத பிள்ளை என்பது, கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்குக் கம்பத்தில் வாழைத்தார் மண்டி. எந்தப் பொருளையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினால்தான் அவருக்கு நிம்மதி. தாய்மாமன் வேறு. காது குத்தியதிலிருந்து சடங்கு வரை அவர் முன்னால் நின்று நடத்திய பிள்ளைக்கு, அவர் சொல்லாமல் காலேஜா? அவர் ஏற்கெனவே பெரியகுளத்தில் ஓர் இடத்தில் பி.காமுக்குச் சொல்லி வைத்திருந்தார். சேலை கசங்காத படிப்பு என்பது அவர் கருத்து.

மகள் விடவில்லை. வாரக்கணக்கில் நச்சரித்தாள். கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார்.

"சரித்தா. போயிப் பாப்போம். மாப்பிள்ள வீடு பாக்கிற மாதிரியே பாப்போம். புடிச்சா கை நனைப்போம். புடிக்கலையா, எந்திரிச்சு வந்திருவோம். வந்துட்டா அதோட இந்தப் பேச்ச விட்டுறணும். பெரியகுளந்தான். சரியா?"

"சரி மாமா," என்றாள். அவள் குரல் உள்ளே போய்விட்டது. ஏனென்றால் மாமா போகும்போதே பிடிக்காமல்தான் போகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பண்ணைப்புரத்துக்குத் தன் வேனை ஓட்டிக்கொண்டு வந்து எங்களை ஏற்றினார். முன்னால் என் கணவர், பின்னால் மதினி, நான், மகள். மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி. நல்ல மனுஷி, பாவம். மடியில் ஒரு தாம்பாளம் வைத்திருந்தாள். பழம், பூ, வெற்றிலை பாக்கு, குங்குமம்.

"இது எதுக்கு மதினி?"

"முதமொதல்ல ஒரு எடத்துக்குப் போறோம். வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?"

காலேஜ் கேட் பெரிய இரும்புக் கேட். வேன் நெருங்கியதும் ஆள் யாரும் இல்லாமல் கிரீச்சென்று பக்கவாட்டில் நகர்ந்து தானாகத் திறந்தது. அண்ணன் அசந்துபோய், மரியாதைக்கு ஒரு தரம் ஹாரன் அடித்தார். நாங்கள் உள்ளே போனதும் அதுவாகவே மூடிக்கொண்டது. அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

முதல்வர் வாசலுக்கே வந்து அழைத்தார். மதினி தாம்பாளத்தை அவர் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் கம்ப்யூட்டர் மேல் வைத்தார். அவரும் போடிப் பக்கத்துக்காரர். தாம்பாளத்தைப் பார்த்த அடுத்த நொடி, நாங்கள் எந்தக் கணக்கில் வந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளையின் அப்பா முகம் வந்துவிட்டது அவருக்கு.

அறையில் நாங்கள் ஐந்து பேரும் நுழைந்ததும் மேலே ஃபேன் பேயாய்ச் சுற்ற ஆரம்பித்தது. மேசை மேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. தாம்பாளத்து வெற்றிலை ஒன்று என் கணவர் நெற்றியில் வந்து ஒட்டியது.

"மன்னிக்கணும், இது பிள்ளைக செஞ்ச ஃபேன்," என்று முதல்வர் கத்திச் சொன்னார். "உள்ள எத்தன பேரு இருக்காகன்னு பாத்து வேகத்தக் கூட்டிக்கிரும். ரெண்டு பேரு மட்டும் கொஞ்சம் வெளிய நின்னீகன்னா..."

கணவரும் மகளும் வெளியே போனார்கள். ஃபேன் அடங்கியது. யாருடைய படிப்பைப் பற்றிப் பேச வந்தோமோ, அவள் வராந்தாவில் நிற்க, நாங்கள் மூன்று பேர் உள்ளே பேசினோம். இதில் அண்ணனுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

அவர் உட்காரப் போன நாற்காலியில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் 41 என்று எழுதியிருந்தது.

"இதென்ன நம்பரு?"

"மார்க்குங்கய்யா. இங்கன இருக்கிற சாமான்ல பாதி பிள்ளைக புராஜெக்ட்டுல செஞ்சது. எடுத்த மார்க்க அதுலயே ஒட்டிருவோம். எதையும் மறைக்கிறதில்ல."

அண்ணன் பாதி உட்கார்ந்தபடியே எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுதும் அவர் சீட்டைப் பார்க்காமல் எதையும் தொடவில்லை. மாடிப்படிக்கு 78 என்றிருந்தது, ஏறினார். கைப்பிடிக் கம்பிக்கு 52, அதைத் தொடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மதினி என் காதில் கிசுகிசுத்தாள்: "கக்கூஸுக்கு எவ்வளவு போட்டிருக்காகன்னு கேளுத்தா." நான் கேட்டேன். அது காண்ட்ராக்டர் கட்டியது, மார்க் கிடையாது என்று முதல்வர் சொன்னார். "மார்க்கே இல்லையா? அப்ப வேணாம்," என்று மதினி அடக்கிக்கொண்டாள்.

காபி வந்தது. அண்ணன் கும்பிட்டு, "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோம்," என்றார். மதினியும் அப்படியே. நானும் அப்படியே சொல்ல வேண்டியதாயிற்று, அந்தக் காபியின் மணம் என் மூக்கைப் பிடித்து இழுத்தபோதும். முதல்வரின் முகம் சுருங்கியது. டம்ளர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "பரவால்ல, பட்டறையப் பாத்துட்டு வந்து சாப்பிடலாம்," என்றார். அவரும் விடுகிற ஆள் இல்லை.

பட்டறையில் நீலக் கோட்டுப் போட்ட பெண்பிள்ளைகளும் பையன்களும் ஆளுக்கொரு மூலையில் எதையோ அறுத்துக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். பூக்கட்டும் மெஷின் ஒன்று இருந்தது. 38 மார்க். மதினி ஆசைப்பட்டுத் தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்துக் கொடுத்தாள். மெஷின் அதை வாங்கி, கடகடவென்று உறுமி, மறுபக்கம் பச்சையாக ஓர் உருண்டையை வெளியே தள்ளியது.

"மல்லியப்பூவச் சட்னியாக்கிருச்சே!" என்றாள் மதினி.

செய்த பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் முகத்தில் வருத்தமே இல்லை, உருண்டையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து ஒருவரையொருவர் கையில் தட்டிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் ஒரு தோசை கருகினாலே என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது! இங்கே முழம் மல்லிகையை அரைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். என் மகள் கீழே குனிந்து, அந்த மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடிதார் முட்டியெல்லாம் எண்ணெய்.

வெயில் ஏறியதும் அண்ணன் கையைத் தட்டிக்கொண்டார். "பாத்தாச்சு. கெளம்புவோம்."

அவ்வளவுதான். மகள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். ஒரு வாய் காபி குடிக்காமல் வேன் அந்தக் கேட்டைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. நாளைக் காலையில் பெரியகுளம்.

வேன் கேட்டருகில் போய் நின்றது. கேட் திறக்கவில்லை. அண்ணன் வேனைப் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் வந்தார். திறக்கவில்லை. ஹாரன் அடித்தார். இறங்கி அதன் முன்னால் நின்று கையை ஆட்டினார். கேட் அசையவில்லை.

எங்கிருந்தோ நான்கு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் பின்னலில் பென்சில் செருகிய பெண். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், ரொம்ப நன்றி சார்! இது எங்க கேட்டு. இது எப்பவாச்சும் மக்கர் பண்ணும், ஆனா நாங்க பாக்க வந்தா ஒழுங்கா வேல செய்யும். இன்னைக்குத்தான் கையும் களவுமா மாட்டிருக்கு!"

"அதெல்லாம் இருக்கட்டுந்தா. கையால தள்ளித் தொறங்க."

"கையால தொறக்க முடியாது சார். அது அடுத்த செமஸ்டர் புராஜெக்ட்டு."

அண்ணன் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொடக் கூடாதுங்கய்யா. நான் தொட்டா அது என் கேட்டாயிரும். அவுகளே கண்டுபிடிக்கணும், அதான் இங்கன பாடம். நீங்க வாங்க, அதுக்குள்ள ஒரு வாய் சாப்பிடலாம்."

அண்ணன் என்னைத் தனியாக இழுத்துப் போய், "வேணும்னே பூட்டி வச்சுருக்கான்த்தா, நம்மளக் கை நனைக்க வைக்க," என்றார். அவர் வயசுக்கு, அவர் அனுபவத்துக்கு, அப்படித்தான் தோன்றும்.

கொடுமை என்னவென்றால், பெரிய கேட்டை ஒட்டியே ஆள் போகிற சின்ன கேட் ஒன்று ஆவென்று திறந்து கிடந்தது. பிள்ளைகள் அது வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். எதிரே பஸ் நிற்கிற இடம் வேறு. நான் அதைச் சுட்டிக் காட்டினேன்.

"வேன விட்டுட்டு நடந்து போறதா? வந்த வாசல் வழியாத்தான் போகணும். இப்படிப் பக்கத்து வாசல்ல நழுவிப் போனா, கோவிச்சுக்கிட்டுப் போன கணக்கு. நாளப்பின்ன யாரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாது," என்றார் அண்ணன். ஆக, சாப்பிட்டால் சம்மதம், நடந்து போனால் சண்டை. இரண்டும் வேண்டாமென்று நாங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றோம்.

மெஸ்ஸிலிருந்து சாம்பார் கொதிக்கிற மணம் வந்தது. அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "வாழக்கா வறுவல். நாட்டு வாழ," என்றார், தன்னை மறந்து. முதல்வர் ஒரு தட்டில் வடை கொடுத்தனுப்பினார். அண்ணன் அதைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்து பாயசம் வந்தது. அதையும் கும்பிட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்த மெஸ் அக்கா, "சாமிக்குப் படைச்சாக் கூட இத்தன தடவ அலைய விடாது," என்று எங்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போடுகிற நேரம் வந்துவிட்டது, வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். மதினி பையில் பிஸ்கட் வைத்திருந்தாள். அவள் பாக்கெட்டைப் பிரிக்கப் போனதும் அண்ணன் தடுத்தார்.

"இரு. பிஸ்கட்டு நம்மளுது. ஆனா நிக்கிற எடம் அவுகளுது."

இது ஒரு பெரிய விவாதமாக நடந்தது. வேப்பமர நிழலில் சாப்பிட்டால் அது அவர்கள் மரம். கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டால் கால் படுவது அவர்கள் மண். கடைசியில் அண்ணனே தீர்ப்புச் சொன்னார்: வேன் நம்முடைய வேன், அதற்குள் இருப்பது நம் வீட்டில் இருப்பது மாதிரி. கதவுகளையும் கண்ணாடிகளையும் சாத்திவிட்டு, உச்சி வெயிலில் வெந்துகொண்டிருந்த வேனுக்குள் அண்ணனும் மதினியும் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன். இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, பசியோடு கோபமும் சேர்ந்து என்னால் வாயைத் திறக்கவே முடியவில்லை.

அப்போதுதான் கணவரைக் காணவில்லை என்று கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் சின்ன கேட் வழியாக, கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி வந்தார்.

"எங்க போயிருந்தீக?"

"சும்மா, காத்து வாங்க."

காற்றில் ஆம்லெட் மணந்தது. அண்ணன் சட்டம் அவர் வரைக்கும் எட்டாது என்பதை இத்தனை வருஷத்தில் அவர் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

வேனில் வெந்ததில் அண்ணனின் பொறுமை போய்விட்டது. "இவுகள நம்புனா விடிஞ்சிரும்," என்று சொல்லி, வண்டியைக் கிளப்பி, பம்பரால் கேட்டை மெதுவாக ஒரு முட்டு முட்டினார். அவருக்கு 'மெதுவாக' என்றால் அப்படித்தான். கேட்டின் சக்கரம் தண்டவாளத்தை விட்டுக் கீழே இறங்கி, கேட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பென்சில் பின்னல்காரி கையைத் தட்டினாள். "சார், இப்படி ஒருத்தரு முட்டுவாகன்னு நாங்க யோசிக்கவே இல்ல! சூப்பர் சார்!" நான்கு பேரும் செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருவன் அண்ணனையும் சேர்த்து எடுத்தான். அவர் திட்டு வாங்கத் தயாராகத்தான் இறங்கியிருந்தார். பாராட்டு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியை மடித்துக் கட்டினார், மறுபடி இறக்கிவிட்டார்.

முதல்வர் பக்கத்தில் வந்து, மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "ஐயா, ஒரு ஒதவி. இன்னைக்கு இந்தக் கேட்டுக்கு மார்க் போடுற நாள். வெளியாள் ஒருத்தர் போடணும்கிறது எங்க வழக்கம். வர வேண்டியவரு வந்து கேட்டுக்கு வெளிய கார்ல நின்னு பாத்திருக்காரு. தொறக்கலைன்னதும் திரும்பிப் போயிட்டாரு. நீங்க போட்டுக் குடுத்தீகன்னா நல்லாருக்கும்."

அண்ணனிடம் மார்க் போடச் சொன்னால் வேண்டாமென்பாரா? வாழ்நாள் முழுதும் அதைத்தானே செய்கிறார். 83 மார்க் எடுத்த நாற்காலி ஒன்றை ஆடிட்டோரியத்திலிருந்து தூக்கி வந்து போட்டார்கள். சீட்டைப் பார்த்துத் திருப்தியாகி உட்கார்ந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். மகள் எனக்குப் பக்கத்தில்.

அந்தப் பெண், சாய்ந்து கிடந்த கேட்டுக்கு முன்னால் நின்று, நல்ல குரலில் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக்கு ஒரு சென்சார் உண்டு, நடுவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிற கண். யாராவது நின்றால் கேட் நகராது. மத்தியானம் வெயில் நேராக அந்தக் கண்ணில் விழுகிறது. விழுந்தால், யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கேட் அப்படியே நின்றுவிடுகிறது.

"அப்ப வெயில் மேல தப்பு," என்றார் அண்ணன்.

"இல்ல சார். வச்ச எடம் தப்பு. வச்சது நாங்க."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். மண்டியில் தார் அழுகி வந்தால் மழை மேல், லாரி மேல், குமுளி ரோட்டு மேல் பழி போட்டுத்தான் அவர் கேட்டிருக்கிறார். 'தப்பு எங்களுது' என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

"சரி, தண்டவாளத்த விட்டு இறங்கிக் கெடக்கே, அது?"

"அது நீங்க சார்," என்றாள் அவள், மிகுந்த மரியாதையோடு.

கூட்டம் சிரித்துவிட்டது. என் கணவர் சத்தமாகவே சிரித்தார், ஆம்லெட் தெம்பில். அண்ணனுக்கு மூக்கு சிவந்தது. "தொறக்காத கேட்டுக்கு எதுக்குய்யா மார்க்கு? முட்ட போட்டுக்க!"

முதல்வருக்கே கொஞ்சம் திக்கென்றிருந்தது. ஆனால் அந்தப் பெண் "சரி சார்" என்று ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, பின்னலிலிருந்து பென்சிலை உருவி, பெரிதாக 0 என்று எழுதி, கேட்டின் நெற்றியில் ஒட்டினாள். ஒட்டிவிட்டுத் திரும்பி, "ஜாக்கிய எடுத்துட்டு வாங்கப்பா, திரும்பப் பண்ணுவோம்," என்றாள். குரல் கூடத் தழுதழுக்கவில்லை. யாரும் கதவைச் சாத்திக்கொண்டு அழப் போகவில்லை.

மகள் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்படி ஒரு பேராசையை நான் நகைக் கடையில் கூடப் பார்த்ததில்லை.

ஜாக்கி வைத்துக் கேட்டைத் தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். மதினியின் குடையை வாங்கி, சென்சாருக்கு நிழல் விழும்படி ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றான். கேட் ஒரு தடவை குலுங்கி, கிரீச்சென்று திறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஏறுங்க, ஏறுங்க, குடை இருக்கும்போதே போயிருவோம்!" என்று அண்ணன் விரட்டினார். நாங்கள் விழுந்தடித்து ஏறினோம். அவர் சாவியைத் திருகிவிட்டுப் பின்னால் பார்த்தார்.

மகள் இல்லை.

இறங்கித் தேடினோம். பட்டறையில் இல்லை, வராந்தாவில் இல்லை. மெஸ் அக்காதான் வாசலில் நின்றுகொண்டு கையைக் காட்டினாள். நாங்கள் நான்கு பேரும், பின்னால் முதல்வரும் உள்ளே ஓடினோம்.

நீளமான பெஞ்சில், நீலக் கோட்டுப் பெண்களுக்கு நடுவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் எவர்சில்வர் தட்டு. சாம்பாரை முடித்து ரசத்துக்கு வந்திருந்தாள். வாழைக்காய் வறுவல் குவியலாக இருந்தது. முழங்கை வரை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா! என்ன காரியம் பண்ணிட்ட?" என்றார் அண்ணன்.

"பசிச்சுச்சு மாமா."

"கை நனைச்சுட்டியே!"

"ஆமா மாமா. புடிச்சா கை நனைக்கணும்னு நீங்கதான சொன்னீக. எனக்குப் புடிச்சிருக்கு."

அண்ணன் மதினியைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "கை நனைக்கிறது பெரியவுக வேல. பொண்ணே போயி நனைச்சதா எங்கயாச்சும் கேட்டிருக்கமா?" என்று என்னிடம் கேட்டார்.

"நானும் கேட்டதில்லண்ணே," என்றேன். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் தொண்டைக்கு வந்துவிட்டது. "எனக்கும் அன்னைக்குப் பசிச்சுச்சு. யாருமே கேக்கல."

"என்னைக்குத்தா?"

"நீங்க ஏப்பம் விட்ட அன்னைக்கு."

அவருக்குப் புரியவில்லை. புரிந்திருக்க வழியும் இல்லை, அவர் எத்தனையோ ஏப்பம் விட்டிருக்கிறார். ஆனால் என் குரல் உடைந்ததை அவர் கேட்டார். சின்ன வயதில் நான் அழுதால் அவருக்குக் கை கால் ஓடாது, இப்போதும் அப்படித்தான் நின்றார். நான் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, எனக்கும் ஒரு தட்டு," என்றேன்.

மெஸ் அக்கா காத்திருந்தவள் போலப் போட்டாள். நான் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். வீட்டில் இரண்டு பேர் கை நனைத்தாயிற்று. இனிமேல் பேச்சு மாறினால், அது அவருடைய சட்டத்தையே அவர் மாற்றியது மாதிரி. அண்ணன் எதையும் விட்டுக்கொடுப்பார், சட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்.

குனிந்து பெஞ்சின் சீட்டைப் பார்த்தார். 36. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தார். பெஞ்சு லேசாக ஆடியது, தாங்கியது.

"வறுவல் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு மாமா."

"வெட்டுனதுதான் தடிமனாப் போச்சு," என்று சொல்லிக்கொண்டே தட்டை வாங்கினார். மதினியும் உட்கார்ந்தாள். முதல்வர் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார், இது மட்டும் பிள்ளைகளின் புராஜெக்ட் இல்லை போலிருக்கிறது. கணவரும் ஒரு தட்டு சாப்பிட்டார், பசித்தவர் மாதிரி நடித்து.

வெளியே வந்தால் கேட் மூடிக் கிடந்தது. குடை பிடித்த பையனும் சாப்பிட வந்துவிட்டானாம். மறுபடி கேட்டுக்கு முன்னால் நின்றோம். இந்தத் தடவை அண்ணன் முட்டவில்லை. வேப்பமரத்தடி பெஞ்சில், மார்க் பார்க்காமலே சாய்ந்து, கொஞ்சம் கண்ணயர்ந்தார். வெயில் பட்டறைக் கூரைக்குப் பின்னால் இறங்கியதும், யாரும் எதுவும் செய்யாமல், நெற்றியில் முட்டையோடு கேட் தானாகத் திறந்தது.

வேன் சின்னமனூர் வந்து, கடைகளில் விளக்கு எரிய ஆரம்பித்த நேரம், பின் சீட்டிலிருந்து ஓர் ஏப்பம் கேட்டது. நீளமாக, நிதானமாக. அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். மதினியும் ஆட்டினாள்.

மகள் வாயைக் கூடப் பொத்தவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், முட்டியில் எண்ணெயோடு. அவளுக்கு நிச்சயமாகிவிட்டது, அதை அவளே சொல்லிவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் இருந்தது.